பதினாறு துளை போட்ட தேயிலைப் பெட்டி

கப்பலேறுவதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் மூன்று பேருக்குச் சரியான தூக்கம் இல்லை. எனக்கு, அம்மாவுக்கு, மாமாவுக்கு. நான்காவதாக ஒருத்தர் இருந்தார். அவர் மட்டும் சமையலறை மூலையில் கால் தலை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். அவர் ஓர் ஆமை.

ஆமையா என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. தாராளமாகச் சுளியுங்கள். ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்க அப்படித்தான் சுளித்தது. ஆமை நுழைந்த வீட்டைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று தமிழ் பேசிப் பிறந்த யாருக்கும் நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை. நாங்கள் அந்தோணியாரைக் கும்பிடும் வேதக்காரர்கள். சகுனம், ராகுகாலம் எதையும் நம்பமாட்டோம் என்று சாமியாரிடம் சத்தியம் செய்வோம். ஆனால் ஆமை என்று வந்துவிட்டால் கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர் அத்தனை பேரும் ஒரே கட்சி. எங்கள் அம்மா அந்தக் கட்சிக்குத் தலைவி. ஆமை என்ற சொல்லைக்கூட வாயால் சொல்லமாட்டாள். 'அந்த ஆளு' என்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில் அது எப்படி மூன்று வருஷம் இருந்தது என்றால், நான்தான் காரணம்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது நைனா பினாங்குக்குப் போனார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்த ஊரில் பிறந்தவர், அதனால் திரும்பிப் போவதில் அவருக்குச் சிக்கல் இல்லை. துறைமுகக் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி வேலை. காகிதங்கள் தயாரானதும் எங்களைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன மறுவாரம் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. பிடிவாதமெல்லாம் இல்லை. வாயில் வைத்தால் குமட்டும், அவ்வளவுதான். பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒன்றுமில்லை என்றார். செவ்வாய்க்கிழமை தோறும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அந்தோணியார் முன்னால் நின்று அழுதாள். எனக்கு நெஞ்செலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டது.

அப்போதுதான் மாமா ஒரு மதியம் சாப்பாட்டுப் பையோடு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஹார்பரில் சரக்குக் கொட்டகையில் மூட்டைகளையும் பெட்டிகளையும் சரிபார்க்கிற வேலை. ஆந்திராப் பக்கமிருந்து வந்த வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே கிடைத்ததாம். பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். உள்ளங்கை இரண்டைச் சேர்த்த அளவு. கறுத்த ஓட்டின்மேல் மஞ்சள் கோடுகள், கோலத்தை யாரோ பாதி போட்டுவிட்டுப் போனதுபோல.

"டேய் பாவி! இன்னாத்தடா வூட்டுக்குள்ள கொண்டாந்த? தூக்கிகினு போடா மொதல்ல!" அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"சாயங்காலம் எடுத்துகினு பூடறேன் யக்கா. புள்ளைக்கு வேடிக்க காட்ட கொண்டாந்தேன்" என்றார் மாமா. என் பக்கம் திரும்பி, "இன்னா மே, சோறு துன்ன மாட்டியாமே நீ? இத பாரு, இவன் எப்டி துன்றான்னு" என்று ஒரு முட்டைக்கோஸ் இலையை அதன் முன்னால் போட்டார்.

கழுத்து வெளியே வந்தது. கிழவர் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தது. இலையைக் கடித்தது. நான் சிரித்தேனாம். எனக்கு நினைவில்லை, அம்மா சொன்னாள். அது ஒரு வாய் தின்றால் நான் ஒரு வாய் என்று மாமா பந்தயம் கட்ட, அன்று ஒரு கிண்ணம் ரசம் சோறு உள்ளே போயிற்று. சாயங்காலம் மாமா பையை எடுத்தபோது அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே, "இருக்கட்டும்டா, நாளைக்கு எடுத்துகினு போலாம்" என்றாள். அந்த நாளை வரவேயில்லை.

அதற்காக அவள் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதைத் தொட்டதில்லை. அது கூடத்துக்கு வந்தால் விளக்குமாற்றால் ஓரந்தள்ளி, முறத்தில் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு சமையலறையில் கொட்டுவாள். பிறகு சிலுவை போட்டுக்கொள்வாள். சந்தில் யாருக்கு என்ன கெடுதல் நடந்தாலும் எங்கள் வாசலில்தான் வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரரின் வேலை போனதா, ஆமை. கிணற்றுத் தண்ணீர் கரித்ததா, ஆமை. அம்மா எல்லோரிடமும் வாய்ச்சண்டை போட்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினாள்.

"ஏம்மா, பயம்னா ஏன் வச்சிருக்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்க நைனா வச்சிக்க சொல்லிட்டாரே, நா இன்னா பண்றது?" என்றாள்.

உண்மைதான். நைனாவிடமிருந்து மாதம் ஒரு நீலக் கடுதாசி வரும். அம்மா ஜன்னல் பக்கம் நின்று எங்களுக்கு உரக்கப் படிப்பாள். வேலை, மழை, காகிதம் எந்த ஆபீசில் நிற்கிறது என்பதெல்லாம் முடிந்தபின், கடைசியில் எனக்கென்று ஒரு வரி இருக்கும். 'அந்த ஆளு சௌக்கியமா, என் கண்ணு அதுக்கு ஒழுங்கா கீரை போடுதா, தானும் ஒழுங்கா சாப்டுதா.' ஒருமுறை, 'அது எவ்ளோ பெருசாச்சின்னு சாணால அளந்து எழுது.' நான் அளந்து சொல்வேன். அம்மா தலையாட்டிக்கொண்டே பதில் கடிதத்தில் எழுதுவாள். நானே எழுதுகிறேன் என்றால் விடமாட்டாள், உன் எழுத்து பூசணிக்காய் பூசணிக்காயாக இருக்கிறது, காகிதம் பத்தாது என்பாள். கடிதத்தைப் பார்க்கக் கேட்டால், பெரியவங்க சமாச்சாரம் கீது என்று பெட்டியில் பூட்டிவிடுவாள். எனக்கு அதில் வருத்தமில்லை. நைனாவின் முகம் மறந்துகொண்டு வந்தது, ஆனால் அந்தக் கடைசி வரி மாதாமாதம் வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு நடக்கும்போது காகிதம் வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டோம். கப்பல் நாள் குறித்தாயிற்று. அறுபதுகளின் கடைசி அது. எங்களைப் போன்றவர்கள் கப்பலில்தான் போனோம், அதுவும் மேல்தட்டில் பாய் விரித்து.

"அந்த ஆள மாமாகிட்ட வுட்டுட்டு போலாமா?" என்று அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"நைனா கேப்பாரேம்மா. இன்னா சொல்லுவ?"

அம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. நான் அதை ஆமைப் பயம் என்று நினைத்தேன். "சரி, கொண்டு போலாம்" என்றாள், தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி.

மாமாவுக்கு ஒரே குஷி. ஹார்பரில் தனக்குத் தெரியாத தூசு துரும்பு கிடையாது என்பது அவர் பெருமை. சின்னத் தேயிலைப் பெட்டி ஒன்று கொண்டுவந்து, ஆணியைச் சுட்டுப் பதினாறு துளை போட்டார். அடியில் வைக்கோல், அதன்மேல் என் பழைய கவுன். "நீ ஒண்ணும் பேஜாராவாத யக்கா. பொட்டிய தொறந்து பாக்கற ஆபீசர், பாத்ததும் சாக்பீசால ஒரு பெருக்கல் குறி போடுவான். குறி போட்ட பொட்டிய அப்பால எவனும் தொட மாட்டான். இருபது வருசமா பாக்கறேன். நம்ம பொட்டிக்கு நானே போட்டு வுட்டுடறேன். நீ கைல வெச்சிகினு ஜம்முனு ஏறு."

இருபது வருஷமும் அவர் பார்த்தது சரக்குக் கொட்டகையை. பயணிகள் கொட்டகைக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. இது எங்கள் மூன்று பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

புறப்படும் நாள் காலை மாமா பெட்டியின் இரண்டு பக்கமும் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். ஆபீசர் கையெழுத்து போலவே கொஞ்சம் அலட்சியமாக, சாய்வாக. கொட்டகை வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள், உள்ளே பயணிகள் மட்டும். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஓட்டால் பலகையை உரசும் சத்தம் வந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்குமோ என்று நான் இருமினேன். இருமி இருமி எனக்குத் தொண்டை எரிந்தது. காக்கிச் சட்டை ஒருவர் என்னை உற்றுப் பார்த்தபோது பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

பெண்களையும் பிள்ளைகளையும் ஊசிக் காகிதம் பார்க்கத் திரை மறைவுக்குக் கூப்பிட்டார்கள். சாமான் எதுவும் எடுத்து வரக்கூடாது. பெட்டியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கையைத் திருப்பிப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது பெஞ்சு காலி.

சாக்பீஸ் குறி போட்டது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதில் மாமா சொன்னது சரி. ஆனால் பயணிகள் கொட்டகையில் வேலை முடிந்த மரப்பெட்டி எதுவானாலும் கூலிக்காரர்கள் யாரையும் கேட்காமல் தூக்கிப்போய்க் கப்பலில் ஏற்றும் கயிற்று வலையில் போட்டுவிடுவார்கள். கையோடு கொண்டுபோக விட்டது படுக்கையையும் பையையும் மட்டும்தான். குறியே போடாமல் ஒரு துணிப்பையில் வைத்திருந்தால் ஒரு பயலும் சீண்டியிருக்கமாட்டான்.

வெளியே ஓடினேன். கயிற்று வலைக்குள் டிரங்குப் பெட்டிகள், பாத்திர மூட்டைகள், எங்கள் அம்மிக்கல் கட்டிய சாக்கு. எல்லாவற்றுக்கும் ஓரத்தில் தேயிலைப் பெட்டி, இரண்டு பக்கமும் வெள்ளையாகக் குறி. கிரேன் தூக்கியது. வலை ஒருமுறை சுழன்றது. பிறகு கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிப் போயிற்று. எனக்குக் கத்த வாய் வரவில்லை. கத்தினால் அதை வெளியே எடுப்பார்கள், எடுத்தால் என்னவென்று பார்ப்பார்கள். கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் மாமா எதுவும் தெரியாமல் எனக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

கரை மறைந்தது. அம்மா பாயை விரித்து என்னை உட்கார வைத்து, "அழாத. பக்கத்துல இருக்கறவங்க கேட்டா இன்னா சொல்லுவ?" என்றாள். "அம்மி மேல வுழுந்திருந்தா?" என்றேன். அவள் விரல்கள் செபமாலையை உருட்டிக்கொண்டேயிருந்தன.

எனக்கு இரண்டு பயம். ஒன்று, அது நசுங்கிச் செத்துப்போகும், நைனாவிடம் வெறும் ஓட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிவரும். இன்னொன்று, அது உயிரோடு இருந்து கப்பலில் யாருக்காவது தெரிந்துவிடும். தெரிந்தால் கடலில்தான் போடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமேயில்லை. ஆமைதானே, நீந்திப் போய்விடும் என்பார்கள். இது தரை ஆமை. கல் மாதிரி முங்கிவிடும் என்று மாமா சொல்லியிருந்தார். அந்த ஏழு நாளும் நான் கண்ணை மூடினால் அது கல் மாதிரி முங்கிக்கொண்டே போகும்.

மறுநாள் நாகப்பட்டினம். படகுகளில் ஆட்களும் வெங்காய மூட்டைகளும் வந்தன. வெங்காயம் ஏற்றுவதற்காகக் கப்பல் வயிற்றின் மூடியைத் திறந்தார்கள். இதுதான் சமயம் என்று நான் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். எங்கள் தட்டைக் கவனிக்கும் சிப்பந்தி நாகூர்ப் பக்கத்து ஆள், மரியாதையானவர்.

"ஐயா, எங்க பொட்டி ஒண்ணு தப்பா கீழ போய்ட்சி. சின்னப் பொட்டி. எடுத்துக் குடுத்துட்டா புண்ணியமா போவும்."

"பெட்டியில என்னம்மா இருக்கு?"

அம்மா சுற்றிப் பார்த்தாள். பாய்க்குப் பாய் தலைகள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. துணி என்றால் எடுக்கமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

"மாதா" என்றாள். "மாதா சுரூபம்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருமக்கூடப் பயப்படுகிறவள் என் அம்மா.

சிப்பந்தி வருத்தப்பட்டார். எட்டிக்கூடப் பார்த்தார். "பெட்டிங்க எல்லாத்துக்கும் மேல வெங்காயம் ஏத்தியாச்சும்மா. இனிமே பினாங்குலதான் எடுக்க முடியும். சாமியாச்சே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனார், வினை வந்து சேர்ந்தது. எங்கள் தட்டில் ஆறேழு வேதக்காரப் பெண்கள் இருந்தார்கள். "ஐயையோ, மாதாவ மூட்டைக்கு அடியிலயா போட்டாங்க படுபாவிங்க?" என்று எங்கள் பாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எவ்வளவு உயரம், கையில் குழந்தை ஏசு உண்டா, எங்கே மந்திரித்தது என்று கேள்விமேல் கேள்வி. அம்மா ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யாக முட்டுக் கொடுத்துக்கொண்டே போனாள். நீலச் சால்வை போட்ட மாதாவாம். ஒரு முழ உயரமாம். சாயங்காலம் அவர்கள் எல்லோரும் கப்பல் வயிற்றின் மூடிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுச் செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். அம்மாவும் நானும் அவர்களோடு முழங்காலிட்டோம். வேறு என்ன செய்ய?

நான்காம் நாள் மதியம் வானம் கறுத்தது. சாப்பாட்டுத் தட்டுகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தாமாக ஓடின. கப்பல் முன்பக்கம் ஏறும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு தொபீரென்று விழும். அது விழும்போதெல்லாம் அடியில் சாமான்கள் மோதும் சத்தம் மேல்தட்டுப் பலகை வழியாக என் முழங்காலில் தெரிந்தது. ஒவ்வொரு மோதலும் அதன் ஓடுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆட்கள் வாந்தி எடுத்தார்கள், கத்தினார்கள். எங்கள் பக்கத்துப் பாயில் ஒரு வயதான அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "ஆகாதது எதுவோ இந்தக் கப்பல்ல ஏறியிருக்கு! எவ கொண்டாந்தாளோ!" என்று கூவினாள்.

அம்மாவின் நகங்கள் என் தோளில் இறங்கின. மாதாப் பெண்கள் மூடியைப் பார்த்துக் கும்பிட்டு அழுதார்கள். அவ்வளவு பயத்திலும் எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை பேரும் யாரைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள் என்று இவர்களுக்குத் தெரிந்தால்? அதைக் கடலில் போடமாட்டார்கள், எங்களைப் போடுவார்கள்.

அம்மா என் காதோடு வாயை வைத்தாள். புயலைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "பினாங்கு போனதும் நைனாகிட்ட அந்த ஆள பத்தி நீயா ஒண்ணும் பேசாத, இன்னா? நா பேசிக்கறேன். மொதல்ல நா பேசணும்" என்றாள். கப்பல் கவிழ்கிற மாதிரி சாய்கிறது, இவளுக்கு இந்தக் கவலை. பயத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் கடல் அடங்கியது. மாதா காப்பாற்றினாள் என்று தட்டு முழுக்கப் பேச்சு. பெண்கள் அம்மாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பினாங்கில் இறங்கியதும் சுரூபத்தை உதட்டால் தொட்டு முத்தி செய்துவிட்டுத்தான் போவோம் என்றார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் காலை பினாங்கு. ஏழு நாளும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வெளிர்நீலச் சேலையை அம்மா கட்டிக்கொண்டாள். சாமான் கொட்டகையில் நைனா நின்றார். மெலிந்திருந்தார். புதிதாக மீசை. என்னைப் பார்த்து, "வளந்துட்டாளே" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் என்ன பேசுவதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் பெட்டிகள் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, "வாங்க, கொஞ்சம் தனியா ஒண்ணு சொல்லணும்" என்று அவரை ஒதுக்கப் பார்த்தாள். அதற்குள் மாதாப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "உங்க வூட்டு மாதாதான் கப்பலையே காப்பாத்திச்சி அண்ணே" என்று ஒருத்தி நைனாவைக் கும்பிட்டாள். நைனா திருதிருவென்று விழித்தார்.

பெட்டி வந்தது. ஒரு பக்கப் பலகை உள்வாங்கியிருந்தது. மாமாவின் பெருக்கல் குறி பாதி அழிந்து இன்னும் இருந்தது. நான் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. தட்டினேன். இல்லை.

சோதனை அதிகாரி இளவயதுச் சீனர். திற என்று சைகை காட்டினார். அம்மா அசையவில்லை. அவரே கத்தியைச் செருகிப் பலகையைப் பெயர்த்தார். பெண்கள் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு குனிந்தார்கள்.

வெங்காயச் சருகு, கலைந்த வைக்கோல், என் கவுன். நடுவில் அது. தலை இல்லை, கால் இல்லை, வெறும் ஓடு. ஓட்டின் விளிம்பில் ஒரு துண்டு தெறித்திருந்தது.

"ஐயோ, ஆம!" என்று யாரோ அலறினார்கள். அடுத்த நொடி எங்களைச் சுற்றி ஒருத்தியும் இல்லை. ஒருத்தி ஓடும்போதே மண்ணை வாரித் தூற்றினாள். அதிகாரி மட்டும் சிரித்தபடி ஓட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

நைனா இரண்டடி பின்னால் போனார். அவர் முகத்தில் இருந்தது எங்கள் சந்து ஆட்களின் அதே பயம். "இன்னாது இது? ஆம எங்கேந்து வந்துச்சி? யாரு கொண்டாந்தது இந்த கருமத்த?"

நான் அவரைப் பார்த்தேன். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். "நைனா, அந்த ஆளு" என்றேன். "நீங்க சாண் அளந்து எழுத சொன்னீங்களே?"

"நா எப்ப எழுதினேன்? எனக்கு ஆமைய பத்தி இன்னா தெரியும்?" அம்மா பக்கம் திரும்பினார். "மூணு வருசமா ஒரு கடுதாசிலகூட நீ இத பத்தி எழுதலயே?"

எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. நீலக் காகிதம், அதற்குமேல் தெரிந்த அம்மாவின் கண்கள். கடைசி வரிக்கு வரும்போது அந்தக் கண்கள் காகிதத்தைப் பார்க்காது, என்னைப் பார்க்கும். கீரை போட்டாயா, சாப்பிட்டாயா, எத்தனை சாண். எல்லாம் இவள். இவருடைய காகிதத்தில் எனக்கு ஒரு வரியும் இருந்ததில்லை. அது தெரிந்துவிடும் என்றுதான் ஏழு நாளாக இவள் நடுங்கினாள்.

என் வாயிலிருந்து தானாக வந்தது. "அம்மாக்கு ஒண்ணும் தெரியாது. இதுல மாதா சுரூபந்தான் இருந்திச்சி. நாந்தான் அத எடுத்துட்டு இத ஒளிச்சி வெச்சேன்."

நைனாவின் கை ஓங்கியது. நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் குனிந்திருந்தாள். முறம் இல்லை, விளக்குமாறு இல்லை. இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டு, கண்ணைத் திறந்துகொண்டே, அதைத் தூக்கினாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு வைத்தாள்.

"அவள எதுக்கு அடிக்கிற? இது என்னுது" என்றாள். "நாந்தான் கொண்டாந்தேன்."

நைனா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்போது அம்மா திடுக்கிட்டுத் தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். மார்பிலிருந்து கொசுவம்வரை வெளிர்நீலம் கருநீலமாக நனைந்துகொண்டே இறங்கியது. ஏழு நாளாக அது சேர்த்து வைத்திருந்த நீர் அத்தனையும் அவள்மேல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுக்கு வெளியே ஒரு கால் வந்தது. பிறகு கழுத்து வந்து, கிழவர் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தது.

அம்மா அதைக் கீழே விடவில்லை. அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"உயிரோடதான் கீதுடி" என்றாள். "கீரை எங்கியாவது கெடைக்குமா, பாரு."